படுதா போட்ட கோழிக்கூண்டு: ஒரு அடைமழை, ஒரு மார்கழி பாத்த பிறகு எழுதுறேன்

கூண்டு வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு. இறக்கிட்டு போன மறுநாளே கடைக்கார அண்ணன் போன் பண்ணி “தங்கச்சி, அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதி விட்டுரும்மா”ன்னாரு, நான்தான் இருங்கண்ணே ஒரு மழை பாத்துட்டு எழுதுறேன்னு சொல்லி வச்சிருந்தேன். ஐப்பசி அடைமழையும் பாத்தாச்சு, மார்கழி பனியும் பாத்தாச்சு, இப்ப மாசி பொறந்து பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிக்கறப்பதான் உக்காந்து எழுதுறேன். கடை பேரு போடல. அந்த அண்ணன் பேச்சுல தங்கமானவரு, அவரு பொழப்புல மண்ணள்ளிப் போட எனக்கு இஷ்டமில்ல, அதுவுமில்லாம “மழைக்கும் குளிருக்கும் ஏத்த கூண்டு”ன்னு சொல்லி இப்ப நம்ம பக்கம் நிறைய வெல்டிங் பட்டறையில அடிச்சு விக்கறாங்க, நான் போயி பாத்த மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாடல்தான், அதனால நீங்க எங்க வாங்குனாலும் இதை ஒரு தடவை படிச்சுட்டு வாங்குங்க.

எங்க வீடு நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு ஆறு மூணா பிரியற மூணாறு தலைப்புக்கு அந்தாண்ட. கொல்லையில வேலியத் தாண்டுனா வாய்க்கா, வாய்க்காலத் தாண்டுனா சம்பா வயலு. ஐப்பசி கார்த்திகையில மூணு பக்கமும் தண்ணிதான், தரையில கைய வச்சா ஜில்லுன்னு இருக்கும், துணி ரெண்டு நாளானாலும் காயாது. இதை ஏன் சொல்றேன்னா கூண்டு விக்கறவரு கோயமுத்தூர் பக்கம் பாத்துட்டு வந்து அந்த மாடலை இங்க அடிக்கறாரு, அந்த ஊரு காத்து வேற நம்ம ஊரு ஈரம் வேற.

என்ன வாங்குனேன்னு சொல்லிடறேன். 5 அடி நீளம், 4 அடி அகலம், கால் சேத்து 5 அடி உயரம். ஜிஐ பைப்புல சட்டம், சுத்தி அரை இன்ச் வெல்டு மெஷ், மேல தட்டையா தகரம், அடியில ஒரு இன்ச் கம்பி வலை, அதுக்கும் கீழ எச்சம் விழறதுக்கு இழுக்கற தட்டு, உள்ள கோழி ஏறி உக்கார ரெண்டு இரும்பு பைப்பு. இது 8,500 ரூபா. நாலு பக்கமும் ஜிப்பு வச்சு முழுசா மூடற நீலப் படுதா உறை தனியா 1,400. அதோட “குளிர்கால செட்டு”ன்னு ஒரு 250 வாட்ஸ் சிவப்பு பல்பு, ஹோல்டர், தகர மூடி எல்லாம் சேத்து 450. வண்டி வாடகை 600. மொத்தம் 10,950. தையல் மிஷின்ல நான் ஆறு மாசம் ஜாக்கெட் தச்சு சேத்த காசு, அந்த வயித்தெரிச்சலும் இந்த ரிவ்யூவுல கொஞ்சம் இருக்கும், கண்டுக்காதீங்க.

முன்னாடி எங்களுக்கு நல்ல கோழிக்கொட்டாய் இருந்துச்சு, கீத்து வேஞ்சது, 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப அது எந்த வயல்ல போயி விழுந்துச்சுன்னே தெரியல. அதுக்கப்புறம் பஞ்சாரம்தான், கோழிய கவுத்து மூடற மூங்கில் கூடை. அத்தைக்கு பஞ்சாரம் போதும், பஞ்சாரத்து மேல ஒரு அம்மிக்கல்ல தூக்கி வச்சுட்டா அவங்களுக்கு நிம்மதி. ஆனா புரட்டாசியில மரநாய் ஒரே ராத்திரியில நாலு கோழிய முடிச்சுட்டு போயிடுச்சு, தின்னது ஒண்ணுதான், மத்த மூணும் கழுத்தைக் கடிச்சு போட்டது. அன்னைக்கு காலையில முடிவு பண்ணதுதான் இந்தக் கூண்டு.

மொதல்ல நல்லதைச் சொல்லிடறேன், ஏன்னா நல்லது உண்மையிலேயே இருக்கு. அந்த அரை இன்ச் மெஷ் இருக்கு பாருங்க, அதுக்கு எவ்வளவு காசு குடுத்தாலும் தகும். மரநாய் மறுபடி வந்துச்சு, சேத்துல கால் தடம் கூண்டை சுத்தி சுத்தி இருந்துச்சு, ஒண்ணும் பண்ண முடியல. கீரி வந்துச்சு, போயிடுச்சு. மழையில வளையெல்லாம் தண்ணி ரொம்பி பாம்பு மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் வர்ற காலம், ஒரு நாள் சாரை ஒண்ணு மெஷ்ல தலைய வச்சு நுழைக்கப் பாத்துட்டு திரும்பிப் போனதை எங்க பொண்ணு பாத்துட்டு கத்துன கத்துல பக்கத்து வீட்டு பெரியப்பா கம்போட ஓடி வந்துட்டாரு. விலை கம்மின்னு ஒரு இன்ச் மெஷ்ல கூண்டு வாங்கிடாதீங்க, குஞ்சு தலைய வெளிய நீட்டும், காக்கா கொத்திடும், சின்னப் பாம்பு சாவகாசமா உள்ள போயிட்டு வரும். வெல்டிங்கும் சுத்தம், அஞ்சு மாச மழைக்கு துரு அங்கங்க பொட்டுப் பொட்டா இருக்கே தவிர எங்கயும் விடல. கதவு கொக்கிக்கு நான் ஒரு சின்ன பூட்டு போட்டுக்கிட்டேன், அது மரநாய்க்கு இல்ல, ரெண்டு கால் மரநாய்க்கு.

அப்புறம் “25 கோழி தாராளமா அடைக்கலாம்”னாரு. 20 சதுர அடி இடம். பெரிய கோழி ஒண்ணுக்கு ரெண்டு சதுர அடியாவது வேணும்னு கணக்கு, அப்படின்னா பத்துதான். பகல்ல மேய விட்டுட்டு ராத்திரி மட்டும் அடைக்கறவங்க பதினஞ்சு வரைக்கும் போகலாம், ஆனா நம்ம ஊருல மழை பிடிச்சா மூணு நாளு நாலு நாளு கோழி வெளிய வராம உள்ளயேதான் கெடக்கும், அதனால நீங்க மழை நாளுக்குத்தான் கணக்கு போடணும். எங்க கிட்ட ஒம்பது பொட்டையும் ரெண்டு சேவலும். அதுக்கே சேவல் ரெண்டும் மூணாவது நாளு கொண்டையில ரத்தம் வர அடிச்சுக்கிச்சு, ஒண்ணைக் குழம்பு வச்சுதான் சமாதானம் பண்ணோம்.

இப்ப படுதாவுக்கு வர்றேன். இந்த ரிவ்யூவே அதுக்காகத்தான்.

ஐப்பசி கடைசியில மழை பிடிச்சுச்சு. கடைக்கார அண்ணன் சொன்னபடி நாலு பக்கமும் ஜிப்பை இழுத்து மூடிட்டேன், ஒரு சொட்டு உள்ள போகாது, அது நெசம்தான். எனக்கு ஒரே பெருமை. அத்தை வந்து பாத்துட்டு “ஏம்மா, கோழிக்கு ரெயின்கோட்டு தச்சு போட்டிருக்கியா? மூச்சு எங்கேருந்து விடும்?”னாங்க, நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். மூணு நாளு விடாம மழை. தீனி வைக்க மட்டும் ஒரு பக்கம் ஜிப்பைத் தொறப்பேன், உடனே மூடிடுவேன். மூணாவது நாளு சாயங்காலம் தொறந்தா உள்ளேருந்து ஒரு நெடி வந்துச்சு பாருங்க, கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. படுதா உள்பக்கம் பூரா வேர்த்து வழியுது. வெளிய மழை நனைக்கல, உள்ள கோழி மூச்சே அதை நனைச்சுப்புடுச்சு. ரெண்டு கோழி மூக்குல சளி, ஒண்ணு ராத்திரி கொர்ரு கொர்ருன்னு பூனை மாதிரி சத்தம் போடுது, கண்ணு ஒரு பக்கம் வீங்கிப் போயி கெடக்கு.

எனக்கு என்ன தோணுச்சுன்னா குளிர் தாங்கல போலன்னு நெனச்சு இன்னும் இறுக்கி மூடி அந்த சிவப்பு பல்பையும் போட்டு விட்டேன். ரெண்டு நாள்ல அஞ்சு கோழிக்கு சளி.

அப்புறம்தான் கோழியக் கூடையில போட்டு எடுத்துக்கிட்டு கவர்மெண்ட் கால்நடை மருந்தகத்துக்கு போனேன். டாக்டரம்மா கோழிய பாக்கறதுக்கு முன்னாடியே “கூண்டை மூடி வச்சிருந்தீங்களா?”ன்னுதான் கேட்டாங்க. அவங்க சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் எழுதுறேன். கோழி ஒடம்பு சூடு சாதாரணமாவே 41 டிகிரி, நமக்கு அந்தச் சூடு அடிச்சா ஆஸ்பத்திரியில சேத்துடுவாங்க. றெக்கைய புஸ்ஸுன்னு உப்பி வச்சுக்கும்போது அதுக்குள்ள நிக்கற காத்துதான் அதுக்கு கம்பளி. உறைபனி கொட்டற நாட்டுல கூட, ஈரம் இல்லாம இருந்தா பெரிய கோழி தாங்கிடும், கொண்டை நுனி கறுத்துப் போறதுதான் அங்க பிரச்சனை. நம்ம தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் மார்கழி தையில ராத்திரி 20 டிகிரிக்கு ரொம்பக் கீழ போறது அபூர்வம். அந்தக் குளிருக்கு வளந்த கோழி சாகாது. றெக்கை நனைஞ்சா அந்தக் கம்பளி போச்சு, அது ஒண்ணு. இன்னொண்ணு எச்சம். எச்சத்துல முக்கால்வாசி தண்ணிதான், அது ஈரத்துலயே கெடந்தா அமோனியா கிளம்பும், நம்ம நின்னுக்கிட்டு இருக்கற உயரத்துல அது தெரியாது, கோழி மூக்கு இருக்கற உயரத்துக்கு குனிஞ்சு மோந்து பாக்கணும், உங்க கண்ணு எரிஞ்சா அதுக்கு நெஞ்சு எரியுதுன்னு அர்த்தம். அந்தப் புண்ணு மேலதான் சளிக்கிருமி உக்காருது. “காத்து கோழி மேல நேரா அடிக்கக் கூடாது, கோழி தலைக்கு மேல போயிட்டே இருக்கணும்மா”ன்னாங்க. மருந்து குடுத்தாங்க, நாலு கோழி தேறிடுச்சு, கண்ணு வீங்கினது ஒண்ணு செத்துப் போச்சு. நல்லா முட்டை போடற கோழி அது, கழுத்துல செம்பட்டையா இருக்கும்.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட எதுவும் சொல்லல. அவங்களும் கேக்கல. ஆனா மறுநாளு காலையில படுதாவோட தெக்கு பக்கம், மேக்கு பக்கம் ரெண்டும் மடிச்சு கயிறு போட்டு கட்டியிருந்துச்சு.

இங்க ஒரு விஷயம், கடைக்காரரு கூண்டை இறக்குனப்ப கதவை வடக்கு பாத்து வச்சுட்டு போனாரு, வீட்டுலேருந்து பாத்தா கதவு தெரியணும்னு. நம்ம ஊருல ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் காத்து வடக்கேயும் வடகிழக்கேயும் இருந்துதான் வருது, வாடைன்னு பேரே அதுக்குத்தானே. சாரல் நேரா கதவு வழியா உள்ள. நாலு பேரு சேந்து தூக்கி திருப்பி தெக்கு பாத்து வச்சோம். வடக்கு, கிழக்கு ரெண்டு பக்கம் மட்டும் படுதா, அதுவும் அடியிலேருந்து முக்கால் உயரம் வரைக்கும்தான், மேல ஒரு சாண் எப்பவும் தொறந்தே இருக்கும். தெக்கும் மேக்கும் சாரல் அடிச்சா மட்டும் எறக்கறது. இந்த ஒரு மாத்தத்துலயே நெடி பாதி போயிடுச்சு.

காலு வேற. ஒரு அடி காலுங்கறது கோயமுத்தூருக்கு சரி. கார்த்திகையில வாய்க்கா வழிஞ்சு கொல்லையில முழங்காலுக்கு கொஞ்சம் கீழ தண்ணி, எச்சத் தட்டு அப்படியே தண்ணியில மெதக்குது. ஹாலோ பிளாக் பன்னெண்டு வாங்கி ஒரு காலுக்கு மூணு கல்லுன்னு அடுக்கி தூக்கி வச்சு, கஜா ஞாபகத்துல நாலு மூலையையும் தென்னை மரத்தோட கட்டியும் வச்சோம்.

கம்பி வலை தரையும் குளிருக்கு ஆகாது, அடியிலேருந்து ஈரக்காத்து நேரா வயித்துல அடிக்குது, வயித்துப் பக்கம் றெக்கை கம்மி. பழைய பீரோ பலகைய வலை மேல போட்டு அதுல மூணு இன்ச் உமி பரப்புனேன். உமிக்கு நம்ம ஊருல பஞ்சமா, ரைஸ் மில்லுல மூட்டை 60 ரூபா, காஞ்ச உமியா பாத்து வாங்கணும் அவ்வளவுதான். தெனம் காலையில குச்சிய விட்டு கெளறி விடறது, கட்டி பிடிச்ச இடத்தை அள்ளி எருக்குழியில போடறது, ஈரம் தெரிஞ்சா காஞ்ச நீத்த சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் தூவி கலந்து விடறது. கையில ஒரு பிடி எடுத்து அமுக்குனா உருண்டையா நிக்கக் கூடாது, உதிரணும். தரை ஈரமா இருந்தா குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வந்துடும், அதுவும் டாக்டரம்மா சொன்னதுதான்.

மார்கழி வந்துச்சு, மழை நின்னுச்சு, இனிமே பிரச்சனை இல்லன்னு பாத்தா புதுசா ஒண்ணு. மழையே இல்லாத ராத்திரி, காலையில பாத்தா உமி மேல சொட்டு சொட்டா ஈரம், கோழி முதுகும் நனைஞ்சிருக்கு. தகரத்துல ஓட்டை இருக்குன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரரு மேல ஏறி எம்சீல் வச்சு பூசிட்டு வந்தாரு. மறுநாளும் ஈரம். அப்புறம்தான் விடியக்காலம் கோலம் போட எந்திரிச்சப்ப டார்ச்சு அடிச்சு பாத்தேன், தகரத்தோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி தொங்குது. பனியில தகரம் ஜில்லுன்னு ஆகுது, இத்தனை கோழி விடற சூடான மூச்சு அதுல போயி பட்டு தண்ணியா மாறி அதுங்க மேலயே கொட்டுது. சோத்துப் பானை மூடியத் தொறந்தா சொட்டுமே, அதேதான். தகரத்து மேல தென்னங்கீத்து பத்து வாங்கி ரெண்டு அடுக்கா போட்டு கட்டுனோம், அப்புறம் வெல்டிங் பட்டறையில (வேற பட்டறை) சொல்லி தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல சுத்தி மூணு இன்ச் சந்து விட்டு தூக்கி வச்சு அந்த சந்துக்கும் மெஷ் அடிச்சோம், தட்டையா இருந்ததை ஒரு பக்கம் சரிவாவும் ஆக்கிட்டோம். அன்னையிலேருந்து சொட்டல. இந்த சந்தை கடைக்காரரே விட்டிருந்தா அவருக்கு என்ன செலவு ஆகியிருக்கும்? பத்து பைசா ஆகியிருக்காது.

உக்கார்ற பைப்பு இரும்பு, அதையும் கழட்டிட்டேன். பனிக்கு அது ஐஸ்கட்டி மாதிரி ஆகுது, கோழி ரெண்டு காலையும் மாத்தி மாத்தி தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு இன்ச் ரீப்பர் கட்டைய பட்டையான பக்கம் மேல வர்ற மாதிரி வச்சு விட்டேன், இப்ப அதுங்க உக்காந்தா வயித்து றெக்கை வெரலை முழுசா மூடிக்குது. பாக்கவே நல்லா இருக்கு, வரிசையா பஞ்சு மூட்டை வச்ச மாதிரி.

பல்பு கதை தனி கதை.

250 வாட்ஸ் பல்பு பெரிய பண்ணையில நூறு குஞ்சுக்கு மேல போடறது. ஒரு குஞ்சுக்கு ரெண்டு வாட்ஸ்னு தோராயக் கணக்கு, அது எனக்கு அப்ப தெரியாது. கார்த்திகை நடுவுல ஒரு நாள் குஞ்சு இருபத்தி ரெண்டு வாங்கிட்டு வந்து கூண்டை ரெண்டா தடுத்து ஒரு பக்கம் விட்டு அந்த பல்பை தொங்க விட்டேன். நாலாவது நாளு ராத்திரி பிளாஸ்டிக் கருகற வாடை. கொக்கி நழுவி பல்பு சாஞ்சு படுதாவுல பட்டு உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. எங்க வீட்டுக்காரரு ஓடிப் போயி பிளக்கைப் புடுங்கலைன்னா அன்னைக்கு கோழி, கூண்டு, பக்கத்துல இருக்கற வைக்கப்போரு எல்லாம் போயிருக்கும். பல்பு மாட்டறவங்க கொக்கிய நம்பாதீங்க, சங்கிலியோ கம்பியோ போட்டு ரெண்டு இடத்துல கட்டுங்க, படுதாவுலேருந்தும் உமியிலேருந்தும் தள்ளி வைங்க.

பகல்ல பாத்தா குஞ்சு எல்லாம் பல்பை விட்டுட்டு மூலையில போயி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, அது சூடு தாங்காம. ராத்திரி கரண்ட் போச்சு, மழை காலத்துல நம்ம ஊருல கரண்ட் போறதை சொல்லவா வேணும், மூணு மணி நேரம். காலையில பாத்தா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூலையில குமிஞ்சிருக்கு, அடியில இருந்த அஞ்சு நசுங்கி செத்துக் கெடக்கு. அப்புறம் ரெண்டு. இருபத்தி ரெண்டுல ஏழு போச்சு.

மிச்சம் பதினஞ்சுக்கு நான் பண்ணது: அட்டைப் பெட்டிய வெட்டி வட்டமா தடுப்பு, மூலையே இருக்கக் கூடாது, மூலை இருந்தாத்தான் குமியும். 250 வாட்ஸைக் கழட்டிட்டு 40 வாட்ஸ் குண்டு பல்பு. எல்இடி போட்டுடாதீங்க, அது வெளிச்சம் குடுக்கும், குஞ்சுக்கு வேணுங்கற சூடு அதுல வராது, குண்டு பல்பு இப்ப சுலபமா கெடைக்கறதில்ல, மன்னார்குடியில ஒரு பழைய எலெக்ட்ரிக்கல் கடையில தூசி தட்டி எடுத்துக் குடுத்தாரு. மொத வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி கொறச்சுக்கிட்டே வரணும், அதாவது பல்பை கொஞ்சம் கொஞ்சமா ஒசத்திக்கிட்டே போகணும். தெர்மாமீட்டர் இல்லன்னா குஞ்சையே பாத்துக்கலாம், பல்புக்கடியில குமிஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்துனா குளுருது, தள்ளிப் போயி நின்னா காயுது, எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்குனா மறுபக்கத்துலேருந்து காத்து அடிக்குது, பரவலா படுத்து தூங்குனா சரியா இருக்கு. கரண்ட் போனா ரெண்டு லிட்டர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி பழைய வேட்டியில சுத்தி நடுவுல வச்சுடுவேன், அதை ஒட்டி படுத்துக்கும். பதினஞ்சும் நின்னுச்சு.

இதே மார்கழியில அத்தை ஒரு அடைக்கோழிய பதினோரு முட்டையில அடுப்படி ஓரமா வச்சாங்க. இருபத்தி ஓராவது நாளு பத்து குஞ்சு. பல்பும் இல்ல, தெர்மாமீட்டரும் இல்ல, கரண்ட் போனா கோழிக்கு என்ன, அது றெக்கைக்குள்ள பத்தையும் வாரி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஒண்ணை காக்கா தூக்கிட்டு போச்சு, ஒம்பது இருக்கு. அத்தை ஒண்ணும் சொல்லல, ஆனா தெனம் காலையில என் முன்னாடி சத்தமா எண்ணுவாங்க, “ஒண்ணு, ரெண்டு, மூணு”ன்னு.

பல்பு போட்டா முட்டை கூடும்னும் கடைக்காரரு சொன்னாரு. கோழி முட்டை போட பதினாலு பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேணுங்கறது நெசம், மார்கழியில நம்ம ஊருல பகல் பதினொன்றரை மணி நேரம்தான், அதனால கொறையும். ஆனா அதுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு வேணாம், சாதாரண எல்இடியே போதும், 250 வாட்ஸ் எரிச்சு கரண்ட் பில்லு கட்டணும்னு அவசியமே இல்ல. நாட்டுக்கோழி எப்படியும் ஒரு ஈடு, அதாவது ஒரு சுத்து முட்டை, போட்டுட்டு அடைக்கு உக்காந்துடும், அதுகிட்ட பண்ணைக் கோழி மாதிரி எதிர்பாக்கறதே தப்பு.

தீனி பத்தி ரெண்டு வார்த்தை. குளிர் நாள்ல கொஞ்சம் கூட திங்கும், நான் சாயங்காலம் அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு கை கம்போ மக்காச்சோளமோ போடறேன், ராத்திரி பூரா செரிச்சுக்கிட்டே ஒடம்பு சூடா இருக்கும். மழை காலத்துல 50 கிலோ மூட்டையா தீனி வாங்கி வைக்காதீங்க, அடியில பூஞ்சை பிடிச்சுடும், அந்த பூஞ்சை விஷம், காய வச்சு போட்டாலும் போகாது. காலையில தண்ணி ஜில்லுன்னு இருந்தா குடிக்க மாட்டேங்குது, லேசா சுட வச்சு ஊத்தறேன், வாரத்துக்கு ரெண்டு நாளு அத்தை மஞ்சள், மிளகு, துளசி தட்டிப் போட்டுக் குடுப்பாங்க. ஆனா கைவைத்தியத்தை மட்டும் நம்பி தடுப்பூசிய விட்டுடாதீங்க, வெள்ளைக்கழிச்சல் வந்துட்டா எந்த மருந்துக்கும் நிக்காது, கொல்லையவே தொடச்சு எடுத்துட்டு போயிடும். குஞ்சுக்கு ஏழாவது நாளு கண்ணுல மூக்குல சொட்டு, நாலாவது வாரம் இன்னொரு தடவை, எட்டாவது வாரம் றெக்கையில ஊசி. பிப்ரவரியில கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாவே போடுவாங்க, ஊரு மருந்தகத்துல தேதி கேட்டு வச்சுக்கங்க.

மேல் செலவு கல்லுக்கு 480, கீத்து 150, ரீப்பர் 120, உமி நாலு மூட்டை 240, வெல்டிங் 300, ஆக 1,290 ரூபா. அதையும் சேத்தா கூண்டு எனக்கு 12,240 ரூபாக்கு நிக்குது, இதுல அந்த பல்பு 450 தண்டம், பரண்ல கெடக்கு. ஸ்டார் போடணும்னா கூண்டுக்கு நாலு. பல்புக்கு ஒண்ணு. படுதா உறைக்கு அரை, அந்த அரையும் தை அறுவடையில நெல்லு காய வைக்க உதவுச்சுங்கறதுக்காக. பத்துக்கு கீழ கோழி வச்சிருக்கறவங்க, மரநாய் தொல்லை இருக்கறவங்க, வெறும் கூண்டை மட்டும் 8,500க்கு வாங்கிக்கலாம், பேரம் பேசுனா எட்டுக்கு வருவாரு. உறையும் செட்டும் வேணாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க, “அது இல்லன்னா கோழி வெறைச்சு செத்துடும்”பாரு, சிரிச்சுட்டு வந்துடுங்க.

போன வாரம் இதெல்லாம் அந்த அண்ணனுக்கே போன்ல சொன்னேன். கோவப்படுவாருன்னு நெனச்சேன், படல. ஞாயித்துக்கிழமை டேப்போட நேர்ல வந்துட்டாரு, தகரத்துக்கு கீழ விட்ட சந்தை அளந்தாரு, ரீப்பர் கட்டைய தடவிப் பாத்தாரு, கீத்தை போட்டோ எடுத்தாரு, அத்தை குடுத்த காப்பியக் குடிச்சுட்டு போனாரு. நேத்து அவரு ஸ்டேட்டஸ்ல பாக்கறேன், “டெல்டா ஸ்பெஷல் காத்தோட்டக் கூண்டு”ன்னு புது மாடல், மூணு இன்ச் சந்து, சரிஞ்ச தகரம், மரக்கட்டை எல்லாம் அப்படியே இருக்கு. விலை 9,200.